வெயில் வருகிற வீடு

இந்த வீட்டில் ஒரு நாற்காலிகூட இல்லை. காலி வீட்டில் நாற்காலி எதற்கு இருக்கும், யார் வந்து உட்காரப் போகிறார்கள், தரையே போதும், தரை சில்லென்று இல்லை என்பதே எனக்குப் பெரிய விஷயம். குன்னூருக்கு மேலே எங்கள் எஸ்டேட் லைன் வீட்டுத் தரையில் இப்படிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது இடுப்பு நம்முடையதாக இருக்காது. துப்பட்டாவை விரித்து சஞ்சனாவைப் படுக்க வைத்தேன். மலை இறங்குகிற பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வாந்தி, பாவம், மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி இந்த அன்னூர் வந்து சேருவதற்குள் துவண்டுவிட்டாள், படுத்த கையோடு தூங்கியும் விட்டாள். இவர் தரகரோடு போயிருக்கிறார், ஏதோ ஒரு பள்ளிக்கூட வேனுக்கு டிரைவர் வேண்டுமாம், 'நீ பிள்ளையோட இங்கயே இரு சுகந்தி, சும்மா அலைய வேணாம்' என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்கார அம்மா சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருக்கிறார், பொழுது சாயும்போது வந்துவிடுவாராம், வந்ததும் நாங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வேண்டும், அல்லது வேண்டாம். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையை யோசிப்பதற்காக ஒரு மத்தியானம் முழுவதும் என்னை இந்தக் காலி வீட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஒரு சேலை எடுக்கப் போனாலே கடைக்காரர் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டபின் முதலில் பார்த்ததையே எடுத்துக்கொண்டு வருகிறவள் நான், என்னைப் போய் ஊர் எடுக்கச் சொன்னால் என்ன செய்வேன். சேலை பிடிக்காவிட்டால் அக்காவுக்குக் கொடுத்துவிடலாம். இது அப்படியில்லை. இவர் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து லாரி ஓட்டுகிறார், வேலையை விட்டால் லைன் வீட்டையும் விட வேண்டும், விட்ட மறுநாள் அங்கே வேறொரு குடும்பம் சட்டி பானையோடு ஏறிவிடும். தப்பான ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஐயோ தெரியாமல் வந்துவிட்டோம் என்று திரும்பிப் போக முடியாது. இறங்கினால் இறங்கினதுதான்.

மூச்சு சீராகத்தான் இருக்கிறது. தூங்கும்போது இவள் மூச்சைக் கேட்பது எனக்கு வேலையாகவே ஆகிவிட்டது. காய் நறுக்கினாலும் கேட்பேன், அக்காவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாலும் ஒரு காது அங்கேதான் இருக்கும், சின்னவன் பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, வீட்டில் இருக்கிற இவளுடைய மூச்சைக் கேட்க முயற்சி பண்ணினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மழை தொடங்கினால் இழுப்பு, பனி இறங்கினால் இழுப்பு, சுவரில் பூஞ்சை பூத்தால் இழுப்பு, எங்கள் சுவரில் பூஞ்சை பூக்காத மாசம் எது. முதலில் ஒரு சின்னச் சத்தம், நெஞ்சுக்குள் எங்கேயோ, யாரோ தூரத்தில் விசில் அடிக்கிற மாதிரி. அப்புறம் விலா எலும்புக்கு நடுவில் குழி விழும். அப்புறம் நான் அவளைத் தோளில் போட்டுக்கொள்வேன், இவர் சட்டையை மாட்டிக்கொண்டு லாரியை எடுக்க ஓடுவார். முந்தின வருஷ மார்கழியில் அப்படி ஓடின ஒரு ராத்திரி, ஆஸ்பத்திரியில் பிள்ளை உடம்பெல்லாம் வேர்த்து, நெற்றி ஐஸ் மாதிரி, என்னைப் பார்த்தாள், பேச முடியவில்லை, பார்த்தாள் அவ்வளவுதான். அந்தப் பார்வையை நான் யாரிடமும் சொன்னதில்லை. விடிந்த பிறகு டாக்டர் டீ குடித்துக்கொண்டே சொன்னார், 'கொஞ்சம் கீழ போய்ப் பாருங்கம்மா. காஞ்ச ஊரா, சூடான ஊரா. நிறையப் பிள்ளைங்களுக்குக் குறையுது. ஆனா உங்க பிள்ளைக்குக் குறையும்னு என்னால எழுதித் தர முடியாது.' நல்ல மனுஷர், உள்ளதைச் சொன்னார். எனக்கு அந்தக் கடைசி வாக்கியம்தான் தொண்டையில் மாட்டிக்கொண்டது. முள்ளாக இருந்தால் ஒரு வாய் சோறு உருட்டி விழுங்கலாம்.

வெயில் உள்ளே வரத் தொடங்கியிருக்கிறது. ஜன்னல் கம்பி நிழல் தரையில் விழுந்திருக்கிறது, காலை நீட்டினால் தொட்டுவிடலாம், நீட்டுகிறேன், பெருவிரல் சுடுகிறது, எவ்வளவு சுகமாக இருக்கிறது. எங்கள் ஊரில் வெயில் என்பது வருகிற விருந்தாளி, கண்டவுடன் ஊறுகாய் ஜாடியையும் தலையணையையும் பிள்ளையையும் ஒரே ஓட்டமாக வெளியே கொண்டுபோய் வைப்போம், வைத்துத் திரும்புவதற்குள் மேகம் மூடிவிடும். சின்னவன் துணிகள் காய்வதே இல்லை. சஞ்சனாவின் பள்ளிக்கூட சாக்ஸைத் தோசைக்கல்லில் வாட்டித்தான் போட்டுவிடுவேன், ஒருநாள் மறந்துபோய் ஒரு சாக்ஸ் முறுகிவிட்டது, இவர் அதைத் தட்டில் எடுத்துவைத்து 'சட்னி எங்க?' என்று கேட்டார். இந்த மனுஷருக்கு எப்போதும் விளையாட்டு. ஊர் தேடத் தொடங்கியதும் விளையாட்டு மாதிரிதான் தொடங்கியது. போன சித்திரையில் டிவிக்காரர்கள் இன்றைக்கு இத்தனை ஊர்களில் வெயில் சதம் அடித்தது என்று சொல்லுவார்கள் இல்லையா, நாடே அதைக் கேட்டு உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தபோது நாங்கள் இரண்டு பேரும் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். வேலூர் எப்படி, நல்ல வெயில், ஆனால் அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள். கரூர்ப் பக்கம் எப்படி, வெயிலுக்குக் குறையில்லை, ஆனால் ஒரு ஆத்திர அவசரத்துக்கு அக்கா மலையிலிருந்து இறங்கி வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். திருத்தணி, முருகா, கோவிலுக்குப் போகலாம், குடித்தனம் பண்ண முடியுமா. இவர் போனில் ஊர் ஊராக வெப்பநிலை பார்த்து கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி வாசிப்பார், நான் அடுப்படியிலிருந்து அது வேண்டாம் இது வேண்டாம் என்று கத்துவேன். அக்கா கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். 'ஊருல இருக்கறவன் எல்லாம் வெயிலுக்குப் பயந்து காசு செலவு பண்ணி இங்க வர்றான். நீ என்னடி கீழ ஓடுற?' சின்னவனை இன்றைக்கு அவளிடம்தான் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். காலையில் பஸ் ஏறும்போது மட்டும் அவள் அந்தப் பேச்சையெல்லாம் பேசவில்லை. 'நல்ல வீடா பாரு' என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு மரகதக்கா மிளகாயைக் கிளறிவிடும் சத்தம் கேட்கிறது, காய்ந்த மிளகாய்க்கு ஒரு சலசலப்பு உண்டு, எனக்கு அதுகூடப் புதுசாக இருக்கிறது. இந்த வீட்டுச் சாவி அவரிடம்தான் இருந்தது. கொடுக்கும்போது எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, 'உங்களுக்குச் சொந்த ஊரு எதுங்க அம்மிணி?' என்று கேட்டார். குன்னூர் என்றேன். 'அது இப்ப இருக்கறதுங்க. சொந்த ஊரு?' இந்தக் கேள்வி எங்களுக்குப் பழக்கம். என்ன சொல்லுவது. என் அப்பா சின்னப் பிள்ளையாக இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர். அதற்கு முன்னால் அவருடைய பாட்டனாரை இங்கிருந்து தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்த யாரோ ஒரு கங்காணி கூட்டிக்கொண்டு போனான், எந்த ஊரிலிருந்து என்று கேட்டால் திருச்சிப் பக்கம் என்பார்கள், திருச்சிக்கு நாலு பக்கம் இருக்கிறது. அங்கே வெள்ளைக்காரன் மலையில் வைத்தான். இரண்டு அரசாங்கமும் பேசி முடித்து இங்கே அனுப்பினபோது, உங்களுக்குத் தேயிலைதானே தெரியும் என்று இந்த அரசாங்கமும் மலையிலேயே வைத்தது. யாரும் எங்களிடம், உனக்கு எந்த ஊரில் இருக்க ஆசை என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ, பாவம், அவர்களும் என்னை மாதிரி முழித்திருப்பார்கள். எங்கள் வம்சத்தில் ஊரைத் தேர்ந்தெடுக்கிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். பெருமையாக இருக்க வேண்டியதுதான், பயமாக இருக்கிறது. வேறொருவர் கொண்டுபோய்த் தள்ளின இடத்தில் கஷ்டப்பட்டால் அந்த வேறொருவரைத் திட்டலாம். இங்கே வந்து இந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் நான் யாரைத் திட்டுவேன். மரகதக்காவிடம் திருச்சிப் பக்கம் என்றே சொல்லிவைத்தேன். 'அப்படிங்களா' என்றார், இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்ட மாதிரி மிளகாய்ப் பக்கம் போய்விட்டார்.

இது நாங்கள் பார்க்கிற முதல் வீடு இல்லை. மேட்டுப்பாளையத்தில் பார்த்தோம், மலையிலிருந்து இறங்குகிற எல்லோரும் முதலில் அங்கேதான் இறங்குகிறார்கள் போல, வாடகையைக் கேட்டதும் இவர் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு வீடு, என்ன அழகு, கொல்லையில் முருங்கை மரம், கை கழுவப் பெரிய தொட்டி, வாடகையும் கைக்கு அடக்கம். நான் சரியென்று சொல்லவே வாயைத் திறந்துவிட்டேன். காற்று திரும்பினது. பக்கத்தில் தேங்காய் நார் அடிக்கிற களம், தென்னந்தோப்புக்கு நடுவில் மறைந்து இருந்திருக்கிறது, ஜன்னல் கட்டையில் விரலை வைத்துத் தேய்த்தேன், விரல் பழுப்பாகிவிட்டது. குறைந்த வாடகைக்கு வீடு கிடைக்கிற இடத்தில் எல்லாம் ஏதாவது ஒரு தூசி இருக்கிறது. நல்ல காற்றுக்கும் வாடகை உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அப்புறம்தான் இந்தத் தரகர் கிடைத்தார். என்ன மாதிரி வீடு வேணும் என்று போனில் கேட்டார், நான் போனைப் பிடுங்கி, 'தண்ணி முன்ன பின்ன இருந்தாலும் பரவால்லண்ணா, தூசி கூடாது, நல்லா வெயில் வர்ற வீடா பாருங்க' என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. 'வெயில் வர்ற வீடுங்களா?' என்றார். 'ஆமாண்ணா, எவ்ளோ வருதோ அவ்ளோ நல்லது.' மறுபடியும் சத்தம் இல்லை. அப்புறம் ரொம்ப மரியாதையாக, 'இருக்குதுங்க. வெச்சிருக்கறனுங்க' என்றார். மனுஷன் சொன்ன சொல் தவறவில்லை. வாடகையும் நாங்கள் நினைத்ததைவிடக் குறைவு. ரொம்ப நாளாகக் காலியாக இருக்கிறதாம், இவ்வளவு நல்ல வீட்டை ஏன் ஒருவரும் எடுக்கவில்லை என்று நான் யோசிக்காமல் இல்லை, இந்த ஊர்க்காரர்களுக்கு வெயிலின் அருமை தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது வெயில் பாதி அறைக்கு வந்துவிட்டது. சஞ்சனாவின் கால்வரை வந்து, முழங்காலுக்கு ஏறுகிறது. ஏறட்டும். இந்த இடத்தில் கட்டிலைப் போட வேண்டும், ஜன்னலுக்கு நேரே, அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து இங்கே உட்கார்ந்து எழுதுவாள், முதுகில் வெயில் அடிக்கும், சின்னவன் ஜட்டி போடாமல் ஓடுவான், மலையில் அவனை ஒரு நாள்கூட அப்படி விட்டதில்லை. துணி துவைத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்திருக்கும். அதோ அந்த மூலையில் பூஞ்சை இல்லை, வந்தவுடன் அதைத்தான் பார்த்தேன், எல்லா மூலையிலும் மூக்கை வைத்து முகர்ந்தேன், சுண்ணாம்பு வாசனை மட்டும்தான், தரகர் என்னைப் பார்த்து ஒரு மாதிரியாகச் சிரித்தார். சிரிக்கட்டும். மூக்கு எரிகிறது, கண் எரிகிறது, சூடு தலைக்கு ஏறி ஒரு மயக்கம், சுகமான மயக்கம், தூங்கிவிடக் கூடாது, தூங்கினால் யார் கேட்பது. ஆனாலும் உள்ளே அந்தப் பயம் உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறது, அது தூங்குவதில்லை. வந்த பிறகும் இழுத்தால்? வேலையை விட்டு, வீட்டை விட்டு, அக்காவை விட்டு, சாமான் எல்லாம் ஏற்றி இறங்கி, பால் காய்ச்சிக் குடியேறி, முதல் மழைக்கே அந்தச் சத்தம் வந்துவிட்டால்? அப்போது குளிர்தான் காரணம் என்று சொல்லிக்கொள்ளக்கூட ஒன்றும் இருக்காது. இப்போதாவது, கீழே போனால் சரியாகிவிடும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது, ஒவ்வொரு ராத்திரியும் அதைப் பிடித்துக்கொண்டுதான் விடிய வைக்கிறேன். கீழே வந்துவிட்டால் அந்த நினைப்பும் செலவாகிவிடும். இதை இவரிடம் சொன்னதில்லை. சொன்னால் அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்துவிடுமோ என்று பயம். போர்வைக்குள் இரண்டு பேரும் முழித்துக்கொண்டு படுத்திருப்போம், ஒருவருக்கொருவர் தூங்குகிற மாதிரி நடித்துக்கொண்டு. கண்ணை மூடினால் என்ன, கொஞ்ச நேரம், காதுதானே வேண்டும், காதைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணை மட்டும்.

சத்தம் இல்லை. என்ன சத்தம் இல்லை, எங்கே இருக்கிறேன், மிளகாய்ச் சத்தம் இல்லை, மூச்சுச் சத்தம், மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. சஞ்சு. அவள் முகத்தில் வெயில் விழுந்திருக்கிறது, முகம் முழுக்கச் சிவந்து, முடி நெற்றியில் ஒட்டி, கழுத்தைத் தொட்டேன், கை நனைந்துவிட்டது. வேர்த்திருக்கிறது. பிள்ளைக்கு வேர்த்திருக்கிறது. முதுகு, ஸ்வெட்டருக்குள் கையை விட்டுப் பார்த்தேன், தொப்பலாக நனைந்திருக்கிறது, மார்கழி ராத்திரி, அந்தக் கட்டில், அந்தப் பார்வை, முருகா, இங்கேயுமா, வந்து கால் வைத்த அன்றைக்கேயா. பையைத் திறக்கத் தெரியவில்லை, ஜிப் மாட்டிக்கொண்டது, இன்ஹேலர் எங்கே, அதில் மாட்டுகிற நீளக் குழாய் எங்கே, குழாயை அக்கா வீட்டிலா வைத்தேன், இல்லை, இருக்கிறது. அவளைத் தூக்கித் தோளில் போட்டேன், தலை துவண்டு விழுகிறது, தூக்கமா மயக்கமா, சஞ்சு, சஞ்சும்மா, கண்ணைத் திறடா. செருப்பு போடாமல் வாசலுக்கு ஓடினேன், தரை காலைச் சுட்டது, இவர் எங்கே போனார், இந்த ஊரில் ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியாதே, வெயில் வருமா தூசி வருமா என்று பார்த்தேனே தவிர ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டேனா. 'அக்கா! அக்கா! பிள்ளைக்கு வேர்க்குதுக்கா!'

மரகதக்கா போட்டது போட்டபடி ஓடிவந்தார். 'என்னாச்சு அம்மிணி, விழுந்துபோட்டாளா?' 'வேர்க்குதுக்கா, உடம்பெல்லாம் வேர்க்குது.' அவர் பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சஞ்சனாவின் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே தைரியம் இல்லை. 'ஏனுங்க, இந்தப் புள்ளைக்கு ஸ்வெட்டரு போட்டுவிட்டது யாரு?' நான்தான். விடியற்காலை மலையில் போட்டுவிட்டது. கழற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை, ஸ்வெட்டர் இல்லாமல் இவளைப் பார்த்தே எனக்குப் பழக்கமில்லை, அது அவள் தோல் மாதிரி. 'மத்தியான வெயில்ல, ஸ்வெட்டரைப் போட்டு, மூஞ்சில வெயில் அடிக்கப் படுக்க வெச்சா வேர்க்காம பின்ன என்ன பண்ணுமுங்க?' அதற்குள் சஞ்சனா கண்ணைத் திறந்துவிட்டாள். கையில் நான் பிடித்திருந்த குழாயைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள். 'இது எதுக்கும்மா? எனக்கு இழுக்கல. சூடா இருக்கு. இதக் கழட்டு.' அவளே தலைவழியாக ஸ்வெட்டரை இழுக்கத் தொடங்கினாள், பாதியில் மாட்டிக்கொண்டு கையை ஆட்டினாள், மரகதக்கா உருவிவிட்டார். நான் அவள் நெஞ்சில் காதை வைத்தேன். அந்த அக்கா என்ன நினைத்தாலும் சரி என்று வைத்தேன். உள்ளே மூச்சு போனது, வந்தது, போனது, வந்தது. விசில் இல்லை. வெறும் வேர்வை. பிள்ளைகளுக்கு வருகிற சாதாரண வேர்வை. நான் வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன், அழுதுகொண்டே சிரிப்பும் வந்துவிட்டது, மரகதக்கா ஒன்றும் புரியாமல் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மார்கழி ராத்திரியைச் சொன்னேன். அந்தப் பார்வையையும் சொல்லிவிட்டேன், அக்காவிடம்கூடச் சொல்லாததை, காலையில் முதன்முதலாகப் பார்த்த ஒரு ஆளிடம். அவர் சேலைத் தலைப்பால் சஞ்சனாவின் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். திருச்சிப் பக்கம் என்பதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டு முடித்துவிட்டு, சுற்றும் முற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தினார். 'அம்மிணி, நாஞ் சொன்னேன்னு சொல்லிப்போடாதீங்க, வீட்டுக்காரி எனக்கு நாத்தனா மொறை. காலையிலயே சொல்லோணும்னு இருந்தேன். இந்த வீடு வேண்டாமுங்க.' தூசியா, தண்ணியா, யாராவது செத்துப்போனார்களா. 'மேக்க பாத்த வீடுங்க. மறைப்பா ஒரு மரமில்ல, ஒரு சுவரில்ல. மத்தியானத்துல ஆரம்பிச்சு பொழுது எறங்கற வரைக்கும் வெயிலு நேரா உள்ளதான் படுக்கும். இது மாசி, இதுக்கே இப்படின்னா சித்திரையில அடுப்புங்க. வந்தவங்க ஒருத்தரும் வருசம் தாண்டுனதில்ல. எந்த மகராசனுங்க உங்களுக்கு இதக் காட்டுனது?' யாரும் காட்டவில்லை அக்கா, நானே கேட்டு வாங்கினேன். மலையில் வீடு தேடுகிறவர்கள் முதலில் வெயில் வருமா என்றுதான் கேட்பார்கள், அந்தக் கேள்வியை அப்படியே கையோடு எடுத்துக்கொண்டு சமவெளிக்கு வந்து, அதே வாயால் கேட்டிருக்கிறேன். தரகர் போனில் பேசாமல் இருந்த நேரம் முழுவதும் இப்போதுதான் எனக்கு விளங்கியது, பாவம் அந்த ஆள், பிழைக்கத் தெரியாத பெண் என்று நினைத்திருப்பார், இல்லை, கடவுளே அனுப்பிவைத்த பெண் என்று நினைத்திருப்பார். அந்த நேரம் பார்த்து இவர் வந்துவிட்டார், முகத்தில் சிரிப்பு, வேன் வேலை கிடைத்துவிடும் போல. என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. மரகதக்கா அவரிடமும் முதலிலிருந்து சொன்னார். இவர் வெளியே போய்ச் சூரியன் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு வந்தார், ஏதோ சூரியன் பொய் சொல்லுகிற மாதிரி. 'வேணாம் சுகந்தி. வேற பாக்கலாம். அடுத்த வாரம் வருவோம்.' அடுத்த வாரம். அடுத்த வாரமும் பஸ், வாந்தி, தரகர், மூலை முகர்வது. மலையில் இன்னொரு வாரம், இன்னொரு வாரத்து ராத்திரிகள். 'பகலைக்கூடத் தாங்கிக்கலாமுங்க' என்றார் மரகதக்கா, 'வேலைக்குப் போயிருவீங்க, புள்ளைங்க பள்ளிக்கூடம் போயிரும். ராத்திரிதான் கொடுமை. இந்தச் செவுரு பகலெல்லாம் குடிச்ச வெயில விடிய விடியக் கக்கும். கோழி கூப்புடற வரைக்கும் சூடு எறங்காது.'

சஞ்சனா அந்நேரம் சட்டையோடு வாசலில் நின்று மிளகாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பேச்சு அவள் காதில் விழுந்ததா, எவ்வளவு விழுந்தது, தெரியவில்லை. திரும்பி, என்னைப் பார்த்துக் கேட்டாள், 'அம்மா, இங்கயும் ராத்திரி வருமா?' மரகதக்கா சிரித்துவிட்டார். 'ராத்திரி வராம எங்க போகுஞ் சாமி?' இவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. இந்தப் பிள்ளைக்கு ஐந்து வயசு முடியவில்லை, ஊர் ஊராக வீடு வீடாக இவளைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம், எல்லா வீட்டையும் நல்ல வெளிச்சத்தில் பார்த்தோம், தண்ணீர்க் குழாயைத் திருகிப் பார்த்தோம், ஜன்னலைத் திறந்து பார்த்தோம், பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் கடைசி பஸ்ஸைப் பிடித்து ஓடினோம். எங்களைப் பயமுறுத்துவது எப்போது வருமோ அந்த நேரத்தில் ஒரு வீட்டையும் பார்த்ததில்லை. இவளுக்கு அது தெரிந்திருக்கிறது. இவளுக்கு ஊர் என்றால் வெயில் இல்லை, வாடகை இல்லை, ராத்திரி. நான் எழுந்து உள்ளே போனேன். மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். சூடு. தோசைக்கல் சூடு இல்லை, காய்ச்சல்காரன் உடம்புச் சூடும் இல்லை, குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவுடன் யாராவது முதுகைத் தேய்த்துவிட்டால் இருக்குமே, அந்தச் சூடு. விடிய விடியக் கக்குமாம். அந்த அக்கா அதைக் கொடுமை என்று சொல்லுகிறார். அவர் இடத்தில் இருந்தால் நானும் சொல்லுவேன். சித்திரையில் நானும் சொல்லத்தான் போகிறேன், வேர்த்து வழிந்து, சின்னவனுக்கு வேர்க்குரு வந்து, இவரோடு சண்டை போட்டு, எந்தப் பாவி இந்த வீட்டைக் கேட்டது என்று கத்துவேன், இவர் நீதான் என்பார். அது சித்திரையில்.

'இன்னிக்கு ராத்திரி இங்க படுத்துப் பாத்துட்டுச் சொல்றோம்' என்றேன். இவர் போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டு, சின்னவனை ஒரு ராத்திரி வைத்துக்கொள்ளச் சொன்னார். சொல்லும்போது குரல் கம்மியது, இருமலை வரவழைத்துச் சமாளித்தார். நான் முழித்திருந்த ராத்திரியெல்லாம் இவரும் முழித்துத்தான் இருந்திருக்கிறார், எனக்குத் தெரியும், தெரியும் என்று இன்றைக்கு அவருக்கும் தெரிந்துவிட்டது, இருக்கட்டும். மரகதக்காதான் பதறினார். 'பால் காய்ச்சாத வீட்டுல எப்படி அம்மிணி படுப்பீங்க? கேள்விப்பட்டதே இல்லீங்களே!' 'குடி வரலைங்கக்கா. ராத்திரி எப்படி இருக்குன்னு பாக்கத்தான்.' அவர் வீட்டுக்கார அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னார், அந்தப் பக்கத்தில் காதுகுத்து மேளச் சத்தத்துக்கு நடுவில் அந்த அம்மா மூன்று தரம் என்னது என்னது என்று கேட்டுவிட்டு, சரி, இருந்து பாக்கட்டும் என்றார். இங்கே இழுத்தால் ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, பக்கத்தில்தான். இன்ஹேலரை எடுத்து ஜன்னல் கட்டையில் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தேன், குழாயையும் வைத்தேன். சஞ்சனா என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். 'வருமாம்மா?' என்று மறுபடியும் கேட்டாள், அவளிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'வரும்டா. நாம மூணு பேரும் சேந்து பாக்கலாம், எப்படி வருதுன்னு.' வெயில் ஜன்னலைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. மரகதக்கா ஒரு பெரிய கோரைப் பாயும் இரண்டு தலையணையும் கொண்டுவந்தார், பாவம் நல்ல மனசு, அறை முழுக்கப் பார்த்து, வாசலுக்கு நேரே, காற்று வருகிற இடமாகத் தேடிப் பாயை விரித்து, தலையணையையும் தட்டிப் போட்டார். அவர் அந்தப் பக்கம் போனதும் நான் பாயை இழுத்துக்கொண்டு போய் மேற்குச் சுவரோடு ஒட்டிப் போட்டேன்.